கேமைக் குறை சொல்லும் முன் டிவியைப் பாருங்கள்

புது கேம் ஒன்றுக்கு விமர்சனம் எழுதப் போகிறீர்கள் என்றால், முதலில் டிவி செட்டிங்ஸில், தாமதத்தைக் குறைக்கும் 'கேம் மோட்' ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பிக்சர் மோட் பட்டியலிலேயே இருக்கும், சில டிவிகளில் அந்தந்த எச்டிஎம்ஐ போர்ட்டுக்குத் தனியாக ஆன் செய்ய வேண்டும்.

மதுரை டவுன் ஹால் ரோட்டில் வாங்கி வந்த டிவி சில சமயம் கண்ணைப் பறிக்கும் 'விவிட்' மோடிலேயே ஓடிக்கொண்டிருக்கும். அந்த மோடில் டிவி ஒவ்வொரு படத்தையும் மெருகேற்றிவிட்டுத்தான் திரையில் காட்டும். அதனால் பட்டனை அழுத்தியது கண்ணுக்குத் தெரிய 100 மில்லி செகண்ட் தாமதமானால், நொடிக்கு 60 ஃபிரேம் (படம்) காட்டும் கேமில் அது 6 ஃபிரேம். டெக்கன் 8 என்ற சண்டை கேமில் வேகமான குத்தே 10 ஃபிரேமில் வந்துவிடும், அப்புறம் எப்படித் தடுப்பது? ரேஸிங்கிலும் வளைவில் கார் தாமதமாகத் திரும்பும். பாவம், பழி கேம் மேல் விழும். கேம் மோட் அந்த மெருகேற்றலைப் பெரிதும் குறைத்துவிடுகிறது. நிறம் கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை.

மாறிமாறி ஆடும் டர்ன்-பேஸ்டு ஆர்பிஜி (ரோல் பிளேயிங் கேம்), புதிர், கதை கேம்களுக்கு இது தேவையே இல்லை, அழகான பிக்சர் மோடிலேயே ஆடுங்கள். நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலைக் கையில் வைத்து ஆடும்போதும் இந்தப் பேச்சே கிடையாது. பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் வைத்திருந்து, டிவியில் ஏஎல்எல்எம் (ஆட்டோ லோ லேட்டன்சி மோட்) வசதியும் ஆன் ஆகியிருந்தால் டிவி தானாகவே கேம் மோடுக்கு மாறிக்கொள்ளும்.