பாவனையாளர் கையேடும் தொழில்நுட்பக் குறிப்பும்: முதன்முறை எழுதுபவர்களுக்கு ஒரு செய்முறை

கடைகளுக்கும் ரியூற்றறிகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் மென்பொருள் செய்து கொடுக்கும் சின்னக் குழுக்கள் இப்போது யாழ்ப்பாணத்தில் கனக்க இருக்கின்றன. மென்பொருளோடு ஒரு கையேடும் போகவேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த வேலை ஒப்படைக்கும் நாளுக்கு முதல்நாள் இரவில், குழுவில் ஆக இளையவரின் தலையில்தான் விழும். அவரும் மெனுவை இடமிருந்து வலமாகப் பார்த்து, திரைக்கு ஒரு ஸ்கிரீன்சொட் எடுத்து, கீழே இரண்டு வரி எழுதி முடித்துவிடுவார். பக்கங்கள் சேர்ந்துவிடும். கடையில் ஒருவரும் அதைத் திறக்க மாட்டார்கள்.

இந்தப் பதிவு அந்த இளையவருக்கு. எடுத்துக்காட்டாகச் சுன்னாகத்தில் ஒரு பாமசியை வைத்துக்கொள்வோம். பில் போடவும் மருந்து இருப்புப் பார்க்கவும் அங்கே ஒரு சிறிய மென்பொருள் ஓடுகிறது.

படி 1: யார் வாசிக்கப் போகிறார்கள்?

கணினியைத் திறக்கமுதல் ஒரு தாளில் ஆட்களை எழுதுங்கள். கவுண்டரில் நிற்கும் பிள்ளைக்கு முன்னால் மருந்துச்சீட்டோடு ஆட்கள் காத்து நிற்பார்கள். அவர் நின்றபடி நாலு வரிதான் வாசிப்பார். மருந்தாளர் பெட்டி பிரித்து, பாட்ச் இலக்கமும் (உற்பத்தித் தொகுதியின் எண்) காலாவதித் திகதியும் பதிபவர்; அவருக்குக் கொஞ்சம் ஆறுதலான நேரம் உண்டு. முதலாளிக்குப் பின்னேரம் அன்றைய விற்பனைத் தொகை தெரிந்தால் போதும். நாலாவது ஆளைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்: இரண்டு வருடம் கழித்து, ஏதோ பழுது என்று திருத்த வருபவர். அது நீங்களாகவும் இருக்கலாம்.

முதல் மூவருக்கும் பாவனையாளர் கையேடு, நாலாமவருக்குத் தொழில்நுட்பக் குறிப்பு. இரண்டையும் ஒரே புத்தகத்தில் போடாதீர்கள். சேர்வரை மீளத் தொடங்குவது எப்படி என்ற பக்கத்தைக் கவுண்டரில் நிற்பவர் கண்டால், கையேடு முழுவதும் தனக்கில்லை என்று மூடி வைத்துவிடுவார்.

படி 2: வேலைகளைப் பட்டியலிடுங்கள், திரைகளை அல்ல

ஒரு அரைநாள் கடையில் போய் இருங்கள். அவர்கள் என்ன செய்கிறார்கள், அதை என்ன சொல்லிக் கதைக்கிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் மெனுவில் 'விற்பனை மீளளிப்பு' என்று இருக்கலாம். கடையில் அது "வாங்கின மருந்தைத் திருப்பிக் கொண்டுவந்தால்". கையேட்டின் தலைப்பு இரண்டாவதுதான், ஏனென்றால் தேடுபவர் அந்தச் சொல்லை வைத்துத்தான் தேடுவார்.

மென்பொருள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது. உங்களுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளை ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். "தம்பி, பில் அடிக்குதில்லை", "தம்பி, நேற்றைய கணக்கைக் காணேல்லை." ஒரு மாதத்து அழைப்புகளை எண்ணிப் பார்த்து, அதிகம் வந்ததை மேலே போட்டு அடுக்கினால் உங்கள் பொருளடக்கம் ஆயத்தம். உட்கார்ந்து யோசித்து இதைவிட நல்ல பொருளடக்கம் செய்ய முடியாது என்பது என் அபிப்பிராயம்.

1980களில் ஐபிஎம் நிறுவனத்தில் ஜோன் கரோல் என்ற ஆய்வாளர், அலுவலகப் பணியாளர்கள் சொற்செயலி பழகும் விதத்தைக் கவனித்தார். தடித்த கையேட்டை அவர்கள் முதலில் இருந்து வாசிக்கவில்லை; நேராக வேலையில் இறங்கி, தடக்குப்படும் இடத்தில்தான் கையேட்டைத் தேடினார்கள். அவரும் அவருடைய குழுவும் செய்த சுருக்கமான, வேலையை மையமாக வைத்த கையேடுகளில் ஆட்கள் விரைவாகப் பழகினார்கள். சுன்னாகத்திலும் அதே கதைதான்.

படி 3: ஒரு பக்கத் திட்டம்

ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஐந்து விடயம் எழுதுங்கள்: யாருக்கு, எந்த வடிவில், யார் எழுதுவது, யார் சரிபார்ப்பது, எப்போது முடிப்பது. ஒரு பக்கத்துக்கு மேல் போனால் திட்டமே ஒரு ஆவணமாகிவிடும்.

வடிவத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கையேடு கணினிக்குள் மட்டும் இருந்தால், கணினி நின்ற நேரம் அதுவும் நின்றுவிடும். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் இல்லாமல் இருந்தோம். இப்போது அந்த அளவுக்கு இல்லைதான். ஆனாலும் பாமசி கையேட்டின் மிக முக்கியமான பக்கம் எது என்று கேட்டால், 'கரண்ட் போனால்' என்ற பக்கம் என்றுதான் சொல்வேன். அதை ஏ4 தாளில் அச்சடித்து, லமினேற் பண்ணி, கவுண்டரில் ஒட்டுங்கள். அதில் இருக்கவேண்டியவை:

யூபிஎஸ் (கணினிக்கான பற்றரிப் பெட்டி) சத்தம் போடத் தொடங்கினால், போட்டுக்கொண்டிருக்கும் பில்லை முடித்துச் சேமித்து, கணினியை முறையாக நிறுத்துங்கள். புது பில் தொடங்க வேண்டாம்.
அதன்பின் கைப்பற்றுச்சீட்டுப் புத்தகத்தை எடுங்கள். மருந்தின் பெயர், பாட்ச் இலக்கம், எண்ணிக்கை, விலை, நேரம் ஐந்தையும் எழுதுங்கள்.
கரண்ட் வந்ததும் அந்தப் பற்றுச்சீட்டுகளை எழுதிய வரிசையிலேயே பதியுங்கள். பதிந்ததில் ஒரு சரி அடையாளம் போடுங்கள்.

கடைசி வரி இல்லாவிட்டால் ஒரே சீட்டை இரண்டு பேர் பதிவார்கள். இருப்புக் கணக்கு பிழைக்கும்.

படி 4: எழுதுவது

முதலில் பொதுவாகக் காணும் ஒரு வசனம்: 'பயனர் தேவையான விபரங்களை உள்ளிட்டுச் சமர்ப்பித்தபின் இருப்பு புதுப்பிக்கப்படும்.' எந்த விபரம், எங்கே, எதை அழுத்துவது என்று ஒன்றுமே இதில் இல்லை. இதையே இப்படி எழுதலாம்:

1. 'புதிய சரக்கு' திரையைத் திறக்கவும்.
2. மருந்தின் பெயரில் முதல் மூன்று எழுத்தைத் தட்டவும். கீழே வரும் பட்டியலில் மருந்தைத் தெரிவு செய்யவும்.
3. பாட்ச் இலக்கத்தையும் காலாவதித் திகதியையும் பெட்டியில் உள்ளபடி பதியவும்.
4. 'சேமி' பொத்தானை அழுத்தவும். மேலே பச்சை நிறத்தில் 'பதியப்பட்டது' என்று வரும்.

ஒரு படிக்கு ஒரு வேலை. எங்கே என்பது முதலில், என்ன செய்வது என்பது பிறகு. முடிவில் திரையில் என்ன தெரியவேண்டும் என்பதையும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சரியாகச் செய்தோமா என்று அவருக்குத் தெரியாது. எச்சரிக்கை இருந்தால் அந்தப் படிக்கு மேலே வரவேண்டும். 'இதை அழித்தால் திரும்ப எடுக்க முடியாது' என்று அழித்தபின் வாசித்து என்ன பயன்?

திரையில் பொத்தான்கள் ஆங்கிலத்தில் இருந்தால் கையேட்டிலும் அந்தப் பெயரை அதே எழுத்தில் போடுங்கள். அவர் தேடப்போவது அந்த உருவத்தைத்தான். ஸ்கிரீன்சொட்டைக் குறையுங்கள். திரை மாறும் ஒவ்வொரு முறையும் அத்தனையையும் திரும்ப எடுக்கவேண்டி வரும். எடுக்கிற சிலவற்றிலும் உண்மையான நோயாளியின் பெயரோ தொலைபேசி இலக்கமோ தெரியக்கூடாது. மாதிரித் தரவு போட்டு எடுங்கள்.

பிழைச்செய்திகளுக்குத் தனியாக ஒரு அட்டவணை வேண்டும்: திரையில் வரும் செய்தி, அதற்கு என்ன அர்த்தம், நீங்கள் செய்யக்கூடியது, எப்போது எங்களைக் கூப்பிட வேண்டும்.

படி 5: தொழில்நுட்பக் குறிப்பு

இங்கே அழகு தேவையில்லை, முழுமை தேவை. வெறும் கணினி ஒன்றில் தொடக்கத்திலிருந்து நிறுவும் முறை, பயன்படுத்திய ஒவ்வொரு மென்பொருளின் பதிப்பு இலக்கம், எந்தக் கணினி எதோடு பேசுகிறது என்று ஒரு படம் (கையால் கீறிப் போனில் படம் எடுத்தாலும் போதும்), தரவுத்தளத்தின் அட்டவணைகள், அமைப்புக் கோப்புகள் இருக்கும் இடம். கடவுச்சொற்களை இதில் எழுதாதீர்கள். அவை எங்கே, யாரிடம் இருக்கின்றன என்று மட்டும் எழுதுங்கள்.

அப்புறம் பேக்கப், அதாவது தரவின் காப்புப் பிரதி. மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு இடத்தில் என்பது பழகிய விதி. பேக்கப் எடுக்கும் முறையை எல்லோரும் எழுதுகிறார்கள். அதிலிருந்து தரவை மீட்கும் முறையை எழுதுபவர்கள் குறைவு. அதை எழுதி, எழுதியபடி வேறொரு கணினியில் ஒருமுறை மீட்டுப் பார்த்து, எவ்வளவு நேரம் எடுத்தது என்பதையும் குறியுங்கள். முதலாளி முதலில் கேட்கப்போவது அந்த நேரத்தைத்தான்.

ஏன் இப்படிச் செய்தோம் என்பதற்கும் சில வரி விடுங்கள். காலாவதிக்கு 90 நாளுக்கு முதலே எச்சரிக்கை வரும்படி வைத்திருந்தால், அந்த எண்ணைச் சொன்னது யார், என்ன காரணம் என்று எழுதி வையுங்கள். நிரலைப் பார்த்து எண்ணைக் கண்டுபிடிக்கலாம், காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

படி 6: கருவிகள்

பாவனையாளர் கையேட்டுக்கு லிப்ரே ஒஃபிஸோ கூகுள் டொக்ஸோ போதும். தொழில்நுட்பக் குறிப்பை மார்க்டவுனில் (எளிய குறிகள் இட்ட வெற்று எழுத்துக் கோப்பு) எழுதி, நிரல் இருக்கும் அதே கிட் களஞ்சியத்தில் (நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் இடம்) வையுங்கள்; நிரலை மாற்றும்போதே குறிப்பையும் சேர்த்து மாற்றலாம்.

எழுத்துரு விடயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். நம்மூர் அச்சகங்களில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு இன்னும் வாழ்கிறது. பாமினியில் தட்டிய கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள்தான் தெரியும், தமிழில் தேடவும் முடியாது. பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் எழுதுங்கள். பீடிஎப் ஆக்கும்போது எழுத்துரு உள்ளே பதிந்திருக்கிறதா என்று வேறொருவரின் போனில் திறந்து பாருங்கள்.

படி 7: வாயை மூடிக்கொண்டு சோதியுங்கள்

கையேட்டைக் கடைப் பிள்ளையிடம் கொடுத்து, "இந்த மருந்தைத் திருப்பி எடுத்ததாகப் பதியுங்கோ" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். கை எங்கே தயங்குகிறது என்று மட்டும் பாருங்கள். "இல்லை அக்கா, மற்றப் பொத்தான்" என்று நாக்கு நுனிவரை வரும். சொல்லாதீர்கள்; அந்த இடத்தில் கையேட்டில் ஒரு வரி குறைகிறது. ஐந்து பேரிடம் சோதித்தால் பெரும்பாலான பிரச்சினைகள் வெளிவந்துவிடும் என்று, மென்பொருளைப் பாவிப்பது எவ்வளவு எளிது என்று ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதினார். சின்னக் கடையில் ஐந்து பேர் இருக்க மாட்டார்கள். இருவர் கிடைத்தாலும் செய்யுங்கள்.

தொழில்நுட்பக் குறிப்புக்கும் இதே சோதனைதான். இந்த வேலையில் சேராத ஒரு நண்பரிடம் வெறும் மடிக்கணினியைக் கொடுத்து, குறிப்பை மட்டும் பார்த்து நிறுவச் சொல்லுங்கள்.

படி 8: புதுப்பித்தல்

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மென்பொருளின் பதிப்பு இலக்கமும் திகதியும் இருக்கட்டும். புதிய பதிப்பைப் போடப் போகும்போது மாறிய பக்கங்களையும் அச்சடித்துக் கொண்டுபோங்கள். பழைய பக்கங்களைக் கையோடு எடுத்து வந்துவிடுங்கள். இரண்டும் ஒரே மேசையில் கிடந்தால் கண்ணுக்குப் பழகிய பழையதைத்தான் எடுப்பார்கள்.