இத்தாகாவில் வீடு பிடிப்பது: கார்னெலுக்குப் போகும் முதுகலை மாணவர்களுக்கு

2020 கணக்கெடுப்பில், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள இத்தாகா நகரத்தின் மக்கள்தொகை சுமார் 32,000. கார்னெல் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் மட்டும் 25,000 பேரை ஒட்டி இருப்பார்கள். எனவே வாடகைச் சந்தை கல்லூரி நாட்காட்டியைப் பார்த்துத்தான் ஓடும். லீஸ், அதாவது வாடகை ஒப்பந்தம், பெரும்பாலும் 12 மாதம். ஆகஸ்டில் தொடங்கி அடுத்த ஜூலை கடைசியிலோ ஆகஸ்ட் நடுவிலோ முடியும். வளாகத்தை ஒட்டிய காலேஜ்டவுனில் அடுத்த ஆகஸ்டுக்கான வீடுகளை முந்தின செப்டம்பர், அக்டோபரிலேயே பேசி முடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். உங்களுக்கு அட்மிஷன் கடிதம் வரும்போது பிப்ரவரி, மார்ச் ஆகியிருக்கும். அதற்குள் நல்லவை பாதி போயிருக்கும்.

மிச்சம் இருக்கும் வழிகள் மூன்று. முதலாவது, அட்மிஷனை ஏற்றுக்கொண்ட அன்றே ஹாஸ்ப்ரூக், மேப்பிள்வுட் ஆகிய பல்கலைக்கழகக் குடியிருப்புகளுக்கு விண்ணப்பியுங்கள். இரண்டாவது, ஏற்கெனவே லீஸ் போட்ட கூட்டத்தில் ஒருவர் விலகிக் காலியாகும் அறை. மே, ஜூன் மாதங்களில் சீனியர் மாணவர்களின் குழுக்களில் இவை நிறைய வரும். மூன்றாவது, வடக்கே லான்சிங் பக்கத்துப் பெரிய அபார்ட்மெண்ட் வளாகங்கள். முதல் வருடமே மனதுக்குப் பிடித்த வீட்டைத் தேடி அலைவது வீண். தலைசாய்க்க ஓர் அறை போதும். அக்டோபரில் ஊரை நடந்து பார்த்துவிட்டு அடுத்த வருட வீட்டை முடிவு செய்யலாம்.

வரைபடத்தில் தூரம் மட்டும்தான் தெரியும், மேடு தெரியாது. கடைவீதியான காமன்ஸிலிருந்து வளாகம் ஒன்றரைக் கிலோமீட்டர் அளவுதான். ஆனால் 300 அடிக்கு மேல் ஏற வேண்டும், பஃபலோ தெரு ஏறக்குறையச் செங்குத்து. ஜனவரியில் அதன்மேல் பனிக்கட்டி படிந்திருக்கும். கீழே குடியிருந்தால் 10, 30 ஆகிய டிகேட் (உள்ளூர் பஸ் சேவை) பஸ்கள் நிற்கும் இடத்திலிருந்து ஐந்து நிமிட நடைக்குள் வீடு இருக்கட்டும். லான்சிங் வீடென்றால் கையெழுத்துக்கு முன் ஞாயிற்றுக்கிழமை அட்டவணையையும் கடைசி பஸ் நேரத்தையும் பாருங்கள். செமஸ்டர் விடுமுறையில் பஸ்கள் குறையும். ஆனால் ஆய்வகத்துக்கு விடுமுறை கிடையாது.

வாடகையைவிட அதிகம் விசாரிக்க வேண்டியது சூட்டைப் பற்றி. ஜனவரி இரவுகளில் மைனஸ் 10 டிகிரி சாதாரணம். மூன்று கேள்விகள்: எரிபொருள் என்ன, பில் யார் கட்டுவது, தெர்மோஸ்டாட் (சூட்டைக் கூட்டிக் குறைக்கும் கருவி) யார் கையில்? "ஹீட் உட்பட" என்று விளம்பரத்தில் இருந்தால் வாடகை 100 டாலர் கூடுதலாக இருந்தாலும் பெரும்பாலும் லாபம்தான். மின்சார பேஸ்போர்டு ஹீட்டர் இருக்கும் பழைய மரவீடுகளில்தான் பை கிழியும். சுவரின் அடியில் நீளமான தகரப்பெட்டி, அறைக்கு ஒரு திருகு என்று இருந்தால் மின்சாரம் என்று சந்தேகப்படுங்கள். வெந்நீர் ஓடும் வகை ஹீட்டரும் பார்க்க அப்படியேதான் இருக்கும்; ஆனால் அதன் ஓரத்தில் தரைக்குள் இறங்கும் குழாய் தெரியும். வீட்டுக்காரர் மாதச் சராசரி சொன்னால் ஏற்காதீர்கள். ஜூலையையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. சூட்டுக்கான பில்லைக் குடியிருப்பவர் கட்டும் வீடாக இருந்தால், எழுத்தில் கேட்டாலே கடந்த இரண்டு வருட பில்களை, அல்லது அவற்றின் சுருக்கத்தை, இலவசமாகத் தர வேண்டும் என்று நியூயார்க் மாநிலச் சட்டம் இருக்கிறது. ஒரு மின்னஞ்சல் வேலைதான். அதில் ஜனவரி, பிப்ரவரி வரிகளை மட்டும் பாருங்கள்.

ஒற்றைக் கண்ணாடி ஜன்னலாக இருந்தால் அக்டோபரிலேயே ஹார்டுவேர் கடையில் ஜன்னலுக்கு ஒட்டும் பிளாஸ்டிக் படலம் வாங்கிவிடுங்கள். ஜன்னல் சட்டத்தை ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, சுற்றிலும் இருபக்க டேப் ஒட்டி, படலத்தைத் தளர்வாகப் பதித்து, ஹேர் டிரையரால் ஓரத்திலிருந்து நடுவுக்குச் சூடு காட்டினால் முரசுத் தோல்போல விறைத்துவிடும். தூசி போகாமல் ஒட்டினால் ஒரே வாரத்தில் பிய்ந்துவிடும். ஏப்ரலில் வெடுக்கென்று இழுத்தால் பெயிண்ட் சேர்ந்து வரும், அது அட்வான்ஸில் கழியும். டேப்பை லேசாகச் சூடாக்கி மெதுவாக உரியுங்கள்.

சமையலறையில் பார்க்க வேண்டியது புகை அலாரம். கடுகும் மிளகாய் வற்றலும் தாளித்தால் அது அலறும். சில பெரிய கட்டடங்களில் எல்லாரும் இரவு உடையோடு பனியில் போய் நிற்க வேண்டிவரும். அடுப்புக்கு மேலிருக்கும் ஹூடிலிருந்து (புகை உறிஞ்சி) ஒரு குழாய் வெளிச்சுவருக்குப் போகிறதா என்று மேல் அலமாரியைத் திறந்து பாருங்கள். குழாய் இல்லையென்றால் அது புகையை வடிகட்டி உங்கள் முகத்துக்கே திருப்பி அனுப்பும் வகை. அப்படிப்பட்ட வீட்டில் ஜன்னலோரம் மின்விசிறியை வெளிப்பக்கம் பார்த்து வைத்து, எண்ணெய் புகைவதற்கு முன்பே கடுகைப் போட்டு மூடிவிடுங்கள். அலாரத்தின் மேல் பிளாஸ்டிக் பை கட்டுவதும் பேட்டரியைக் கழற்றுவதும் விதிமீறல். எல்லாருக்கும் தோன்றும் யோசனைதான், ஆபத்தும் அதில்தான்.

பணம். சென்னையில் ஆறு மாதம், பத்து மாதம் அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்கள் இங்கே கேட்டதைக் கொடுத்துவிடுகிறார்கள். 2019-லிருந்து நியூயார்க்கில் அட்வான்ஸும் கடைசி மாத வாடகை போன்ற முன்பணமும் சேர்த்து ஒரு மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. "உங்களுக்கு இங்கே கிரெடிட் வரலாறு இல்லை, கடைசி மாத வாடகையையும் இப்போதே கட்டுங்கள்" என்றால் அது சட்டத்துக்குப் புறம்பு. பின்னணி சரிபார்ப்புக்கு 20 டாலருக்கு மேல் வாங்கக்கூடாது. தாமதக் கட்டணமும் ஐந்து நாள் கழிந்த பிறகுதான். 50 டாலர் அல்லது வாடகையில் 5 சதவீதம், எது குறைவோ அது.

நேரில் பார்க்காத வீட்டுக்குப் பணம் அனுப்பும் முன், டாம்கின்ஸ் கவுண்டியின் சொத்துப் பதிவேட்டில் முகவரியைத் தட்டி உரிமையாளர் பெயர் பொருந்துகிறதா பாருங்கள்; இணையத்தில் இலவசம். நகர எல்லைக்குள் வாடகைக்கு விட, வீடு விதிப்படி இருக்கிறது என்று நகரம் தரும் இணக்கச் சான்றிதழ் வேண்டும், அதையும் கேளுங்கள். வீடியோ அழைப்பில் வீட்டைக் காட்ட மறுத்து, வெளியூரில் இருக்கிறேன், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன் என்பவரை அங்கேயே விட்டுவிடுங்கள்.

லீஸில் பலர் பெயர் ஒன்றாக இருந்தால், ஒருவர் படிப்பை விட்டுப் போனாலும் அவர் பங்கு மற்றவர் தலையில்தான். அறைக்குத் தனி லீஸ் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். நடைபாதைப் பனியை அள்ளுவது யார் பொறுப்பு என்பதும் லீஸில்தான் இருக்கும். நாலு பேர் இருக்கும் வீட்டில் ஒருவரும் அள்ளமாட்டார்கள் என்பது தனிக் கதை. புரியாத வரி இருந்தால் வளாகத்துக்கு வெளியே குடியிருப்பவர்களுக்கான கார்னெல் அலுவலகத்தில் காட்டலாம்.

குடியேறும் நாளில் பெட்டியைத் திறப்பதற்கு முன் எல்லா அறையையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். அடுப்பின் உள்பக்கம், தரைவிரிப்புக் கறை, குளியல் தொட்டி எதையும் விடாதீர்கள். காலி செய்த பிறகு 14 நாளுக்குள், பிடித்தம் இருந்தால் எதற்கு எவ்வளவு என்று எழுதி, மீதி அட்வான்ஸைத் தர வேண்டும். அந்தப் பட்டியல் தராவிட்டால் பிடிக்கும் உரிமையே அவருக்குப் போய்விடும்.

கோடையில் ஊர் காலியாகும்போது உங்கள் அறையைச் சப்லீஸ் (உள்வாடகை) விட நினைத்தால் மார்ச்சிலேயே ஆள் தேடுங்கள். ஜூனில் எல்லாரும் விடுவார்கள். பாதி வாடகைக்குக்கூட ஆள் வராது. வீட்டுக்காரரின் சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும். ஆகஸ்டில் பழைய லீஸ் முடிவதற்கும் புதியது தொடங்குவதற்கும் நடுவே சில நாள் இடைவெளி விழும். அந்த வாரம்தான் புது மாணவர்களின் பெற்றோர் வந்து ஹோட்டல்களை நிரப்புவார்கள். நண்பர் வீட்டுச் சோபாவை ஜூலையிலேயே சொல்லிவையுங்கள்.