பூட்டு இருக்கு, சரி. யார் வீட்டுப் பூட்டு?

அப்பாவின் பழைய போன் பேட்டரி மாற்றப்போய், தேதி பல வருடம் பின்னால் போன நிலையில் திரும்பி வந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. செய்தித்தாள் தளத்தைத் திறந்தாலும் வங்கியைத் திறந்தாலும் சிவப்பு முக்கோணம்தான். ‘யுவர் கனெக்‌ஷன் இஸ் நாட் பிரைவேட்’. “எவனோ போனை ஹேக் பண்ணிட்டான்டா” என்றார். தேதியைச் சரிசெய்து கொடுத்தேன், எல்லாம் திறந்தது. மறுவாரம் ‘இன்று இரவு உங்கள் வீட்டு மின் இணைப்பு துண்டிக்கப்படும்’ என்று ஒரு குறுஞ்செய்தி, கூடவே ஒரு லிங்க். தட்டினார். எச்சரிக்கை எதுவும் வரவில்லை, பூட்டுப் படத்தோடு பக்கம் அழகாகத் திறந்தது. நல்ல தளம் அவரை மிரட்டியது, கள்ளத் தளம் மரியாதையாக வரவேற்றது. கார்டு எண்ணைப் போடுவதற்குள் அம்மா கையைப் பிடித்துவிட்டார் என்பது வேறு கதை.

இந்தக் குழப்பம் ஏன் வருகிறது, அதில் மாட்டாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதுதான் இந்தப் பதிவு. ஒரு கம்ப்யூட்டரும் ஒரு போனும் பக்கத்தில் இருந்தால், படிக்கப் படிக்கச் செய்து பார்க்கலாம்.

முதலில் ஒரு சின்ன விளக்கம்

நீங்கள் ஒரு தளத்துக்குப் போனதும் அது உங்கள் பிரவுசரிடம் ஒரு சான்றிதழை நீட்டுகிறது. பிரவுசர் முக்கியமாக மூன்று விஷயம் பார்க்கிறது. சான்றிதழில் உள்ள பெயரும் நீங்கள் போன முகவரியும் ஒன்றா? தேதி காலாவதியாகவில்லையே? கையெழுத்துப் போட்டவர் நமக்கு ஏற்கெனவே தெரிந்த சான்றளிப்பு நிறுவனம்தானா? மூன்றும் சரி என்றால் இரண்டு பக்கமும் ஒரு ரகசியச் சாவியைப் பேசி முடித்துக்கொள்கின்றன. அதன்பின் நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டை வழியில் இருக்கும் வைஃபைக்காரரோ வேறு யாருமோ படிக்க முடியாது. முகவரியின் தொடக்கத்தில் வரும் ‘எச்டிடிபிஎஸ்’ என்பதன் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ‘எஸ்’ இதைத்தான் சொல்கிறது.

இந்தச் சான்றிதழை வாங்குவது எப்படி? 2015 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட ‘லெட்ஸ் என்க்ரிப்ட்’ என்ற சான்றளிப்பு அமைப்பு இதை இலவசமாகவே தருகிறது. ‘இந்தத் தளம் உன் கையில் இருக்கிறது என்றால் நான் சொல்லும் கோப்பை அதில் வைத்துக் காட்டு’ என்று ஒரு இயந்திரம் கேட்கும். வைத்தால் சில நிமிடத்தில் சான்றிதழ் கையில். அந்தத் தளத்தில் என்ன வியாபாரம் செய்யப்போகிறாய் என்று கேள்வி கிடையாது. சில நூறு ரூபாய்க்கு ஒரு முகவரி வாங்கும் திருடனுக்கும் முறைப்படி, சட்டப்படி, அசல் சான்றிதழே கிடைக்கும்.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால் இது இருப்பிடச் சான்றிதழ். நன்னடத்தைச் சான்றிதழ் இல்லை. இந்த முகவரியில் இருப்பது இவர்தான் என்று தாசில்தார் கையெழுத்துப் போடுகிறார், அவ்வளவுதான். ஆள் யோக்கியரா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

படி 1: சான்றிதழைத் திறந்து பாருங்கள்

கம்ப்யூட்டரில் குரோமில் தமிழ் விக்கிப்பீடியாவைத் திறங்கள். முகவரிக்கு இடப்பக்கம் இரண்டு கோடும் இரண்டு வட்டமுமாக ஒரு சின்னம் இருக்கும். முன்பு அங்கேதான் பூட்டு இருந்தது. பூட்டைப் பார்த்தவர்கள் தளமே நம்பகமானது என்று எடுத்துக்கொண்டதால் 2023 செப்டம்பரில் கூகுள் அதைத் தூக்கிவிட்டது. பயர்பாக்ஸ் போன்ற வேறு சில பிரவுசர்கள் அதன் பிறகும் பூட்டையே காட்டின.

அந்தச் சின்னத்தை அழுத்தி, ‘கனெக்‌ஷன் இஸ் செக்யூர்’, பிறகு ‘சர்டிஃபிகேட் இஸ் வேலிட்’ என்று போனால் ஒரு பெட்டி விரியும். யாருக்கு வழங்கப்பட்டது, யார் வழங்கினார், எந்தத் தேதிவரை என்று முக்கியமாக மூன்று பகுதி. விக்கிப்பீடியாவுக்குப் பெயரின் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். தமிழ், ஆங்கிலம், மலையாளம் என்று எல்லா மொழிப் பக்கத்துக்கும் அந்த ஒரே சான்றிதழ் செல்லும் என்று பொருள். நிறைய தளங்களில் நிறுவனப் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடக்கும். பயப்பட வேண்டாம், அது முகவரியை மட்டும் சரிபார்த்து வழங்கிய சான்றிதழ். இணையத்தில் பெரும்பாலும் அந்த வகைதான்.

படி 2: பெயரை வலமிருந்து படியுங்கள்

இந்தப் பதிவில் ஒரே ஒரு படிதான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

அஞ்சல் முகவரியில் கதவு எண் முதலில் வரும், ஊர் கடைசியில் வரும். இணைய முகவரியும் அப்படியே. தொடக்கத்தில் இரட்டைச் சாய்கோடு தெரிந்தால் அதை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அதிலிருந்து இடப்பக்கமாக, பின்னோக்கிப் படியுங்கள். இரண்டு முகவரிகளைப் பாருங்கள்:

உங்கள்வங்கி.பேங்க்.இன்/லாகின்

உங்கள்வங்கி.பேங்க்.இன்.கேஒய்சி-அப்டேட்.காம்/லாகின்

முதலாவது வங்கியுடையது. இரண்டாவதில் உரிமையாளர் ‘கேஒய்சி-அப்டேட்.காம்’ என்பதைப் பதிவுசெய்த எவரோ ஒருவர். முன்னால் இருக்கும் வங்கிப் பெயரெல்லாம் அவர் இஷ்டத்துக்கு ஒட்டிக்கொண்டது. ‘ஆட்சியர் அலுவலகம் எதிர்ச்சந்து’ என்று முகவரி போட்டுக்கொண்டால் வீட்டுக்காரர் ஆட்சியர் ஆகிவிடுவாரா? நடுவில் சிறுகோடு போட்ட ‘பேங்க்-இன்.காம்’ கூட இந்த ரகம்தான். போனில் நீளமான முகவரி பாதி மறைந்திருக்கும். முகவரிப் பட்டையைத் தொட்டு நகர்த்தி முழுதாகப் பாருங்கள்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இப்போது வேலை சற்று சுலபம். வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31க்குள் ‘பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்த முகவரியைப் பதிவுசெய்து தரும் அதிகாரம் ஐதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி என்ற அமைப்புக்கு மட்டும்தான். காசு கொடுத்து யாரும் வாங்கிவிட முடியாது. அரசுத் தளங்களின் ‘ஜிஓவி டாட் இன்’ முடிவும் அப்படித்தான்.

கண்ணையே ஏமாற்றும் எழுத்துகளும் உண்டு. 2017இல் ஓர் ஆய்வாளர் ரஷ்ய வகை எழுத்துகளைக் கொண்டு ஆப்பிள் நிறுவனத்தின் முகவரிபோலவே தோன்றும் ஒன்றைப் பதிவுசெய்து, சான்றிதழும் வாங்கிக் காட்டினார். பிரவுசர்கள் பிறகு விழித்துக்கொண்டன. ஆனாலும் வங்கி முகவரியை ஒருமுறை பாஸ்புக்கில் பார்த்து, நானே தட்டச்சு செய்து, புக்மார்க்கில் போட்டுக்கொள்வதுதான் என் வழக்கம். குறுஞ்செய்தி லிங்க் வழியாக வங்கிக்குப் போவதே இல்லை.

படி 3: எச்சரிக்கையைப் பழகிப் பாருங்கள்

‘பேட்எஸ்எஸ்எல் டாட் காம்’ என்று ஒரு தளம் இருக்கிறது. வேண்டுமென்றே கெட்டுப்போன சான்றிதழ்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். அதில் ‘எக்ஸ்பயர்ட்’, ‘ராங் ஹோஸ்ட்’, ‘செல்ஃப் சைன்டு’ மூன்றையும் அழுத்திப் பாருங்கள். சிவப்பு முக்கோணத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் காரணம் இருக்கும். பெரும்பாலோர் அதைப் படிப்பதே இல்லை.

‘டேட் இன்வேலிட்’ என்று வந்தால் முதலில் உங்கள் போனின் தேதியைப் பாருங்கள். எங்கள் அப்பா கேஸ். உங்கள் தேதி சரி என்றால் தளத்துக்காரர் புதுப்பிக்க மறந்திருக்கிறார்; நாளைக்கு வாருங்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் வழக்கமாகத் தருவது 90 நாள் சான்றிதழ், அதனால் இந்த மறதி சகஜம்.

‘காமன் நேம் இன்வேலிட்’ என்றால் சான்றிதழ் வேறு பெயரில் இருக்கிறது. ‘அத்தாரிட்டி இன்வேலிட்’ என்றால் கையெழுத்துப் போட்டவரை பிரவுசருக்குத் தெரியவில்லை. ரயில் நிலையம், ஓட்டல் வைஃபையில் லாகின் பக்கம் குறுக்கே வரும்போதும் இவை வரலாம். வைஃபையைத் துண்டித்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள், எச்சரிக்கை போய்விட்டால் கோளாறு அந்த வைஃபையில்.

‘அட்வான்ஸ்டு’ அழுத்தி ‘ப்ரொசீட்’ கொடுத்து உள்ளே போகலாமா? உங்கள் வீட்டு ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்குச் சரி, அது தனக்குத் தானே கையெழுத்துப் போட்டுக்கொள்வது. பாஸ்வேர்டோ பணமோ கேட்கும் வேறு எதற்கும் கூடாது.

படி 4: ஒரு ஸ்விட்ச்

குரோம் செட்டிங்ஸில் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’, அதற்குள் ‘செக்யூரிட்டி’. அங்கே ‘ஆல்வேஸ் யூஸ் செக்யூர் கனெக்‌ஷன்ஸ்’ என்பதைப் போட்டுவிடுங்கள். ‘எஸ்’ இல்லாத தளத்துக்குள் நுழையும் முன் உங்களைக் கேட்கும்.

படி 5: போனில் யாருடைய கையெழுத்தை நம்புகிறீர்கள்?

கையெழுத்துப் போடுகிறவரே சறுக்கினால் எல்லாம் போச்சு. 2011இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்ற சான்றளிப்பு நிறுவனத்துக்குள் புகுந்தவர்கள் கூகுள் பெயரில் போலிச் சான்றிதழ் எடுத்தார்கள். அதை வைத்து ஈரானில் இருந்தவர்களின் ஜிமெயில் வேவு பார்க்கப்பட்டது. செப்டம்பருக்குள் நிறுவனம் திவால். 2014 ஜூலையில் நம் நாட்டிலேயே, தேசிய தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவிலிருந்து கூகுள் முகவரிகளுக்கு அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளிவந்தது தெரிந்து, உடனே ரத்து செய்தார்கள். இப்போது வழங்கப்படும் சான்றிதழ்கள் பொதுப் பதிவேட்டில் ஏறினால்தான் குரோம் ஏற்றுக்கொள்கிறது. அதனால் திருட்டுத்தனம் சீக்கிரம் வெளிப்பட்டுவிடும்.

ஆனால் நீங்களே உங்கள் கையால் ஒரு சான்றிதழைப் போனில் ஏற்றினால் அந்தக் காவல் உங்களுக்கு உதவாது. ‘இலவச நெட் வேண்டுமா, இந்தச் சர்டிஃபிகேட்டை இன்ஸ்டால் செய்’ என்று எந்த ஆப் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். அதை ஏற்றியவர் எந்தத் தளத்தின் பெயரிலும் உங்களிடம் நடிக்கலாம்.

ஆண்ட்ராய்டு செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் ‘டிரஸ்டட் கிரெடென்ஷியல்ஸ்’ என்று தேடுங்கள். ‘சிஸ்டம்’, ‘யூசர்’ என்று இரண்டு பக்கம் வரும். சிஸ்டத்தில் நீளமான பட்டியல் இருக்கும், அதைத் தொட வேண்டாம். யூசர் பக்கம் காலியாக இருக்க வேண்டும். அலுவலகமோ கல்லூரியோ கொடுத்த போன் என்றால் அவர்கள் ஏற்றியது ஒன்றிரண்டு இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். சொந்தப் போனில் தெரியாத பெயர் இருந்தால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிட்டு நீக்குங்கள். பிறகு வேறு ஒரு போனிலிருந்து வங்கி பாஸ்வேர்டை மாற்றுங்கள். கணக்கில் பணம் ஏற்கெனவே போயிருந்தால் பாஸ்வேர்டு அப்புறம், முதலில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அடியுங்கள்.