சக்கர பேரிங் மாற்றும்போது ஹப் நட்டை முறையாக இறுக்குவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களின் செம்மண் சாலைகளில் தினமும் ஓடும் கார்களுக்கு, மற்ற ஊர்க் கார்களைவிடச் சீக்கிரமே, சக்கரத்தைத் தாங்கிச் சுழலவிடும் சக்கர பேரிங் முனகத் தொடங்கிவிடுகிறது. குழியில் விழுந்து எழும் அடியும், மழைக்காலத்துச் சேற்றுநீர் பேரிங்கின் சீல் என்ற தடுப்பு வளையத்தைத் தாண்டி உள்ளே புகுவதும் அதற்குக் காரணம். ஆனால் புதிய பேரிங் போட்ட சில மாதங்களிலேயே அதே சத்தம் திரும்பினால், பொருள் போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் ஹப் நட்டை எப்படி இறுக்கினோம் என்று யோசிப்பது நல்லது. இங்கே சொல்லப்படுவது மைவி, சாகா போன்ற முன்சக்கர இழுவைக் கார்களின் முன்சக்கர நட்டைப் பற்றியது.

நட்டின் வேலை

இந்த வகை பேரிங்கில் வெளிவளையம் ஒன்று. உள்வளையங்கள் இரண்டு, குண்டு வரிசைக்கு ஒன்றாக. இன்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுவரும் டிரைவ் ஷாஃப்ட் நுனியில் இருக்கும் ஹப் நட்டு, ஒரு பக்கம் சக்கரம் பொருந்தும் ஹப்பையும் மறுபக்கம் ஷாஃப்டின் தோளையும் நெருக்கி, நடுவில் உள்ள அந்த இரண்டு உள்வளையங்களையும் ஒன்றோடொன்று முட்டி நிற்கச் செய்கிறது. குண்டுகளுக்கான இடைவெளியை ஆலையிலேயே கணக்கிட்டு வளையங்களைக் கடைந்து அனுப்புகிறார்கள். நட்டு போதிய விசையோடு இறுகினால்தான் அந்த இடைவெளி நமக்குக் கிடைக்கும். இறுக்கம் குறைந்தால் உள்வளையங்கள் விலகி, சக்கரம் ஆடி, பேரிங் தேய்ந்துவிடும். மிஞ்சினால் ஷாஃப்டின் மரை இழுபட்டுக் கெடும், பேரிங்கும் சூடேறும். ஆகவே இந்த நட்டைக் கைக்கணக்கில் இறுக்குவது சரிவராது.

கருவிகளும் அளவும்

உங்கள் காரின் பழுதுநீக்கக் கையேட்டில் இந்த நட்டின் இறுக்க அளவாக உள்ள எண்ணை முதலில் தேடி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பல சிறிய, நடுத்தரக் கார்களில் அது 200 நியூட்டன் மீட்டரை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். ஆனால் மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் பக்கத்து வீட்டுக் காரின் எண்ணைக் கடன் வாங்க வேண்டாம். அலகையும் கவனியுங்கள். 150 என்று எழுதியிருப்பது அடி-பவுண்டு என்றால், அது ஏறக்குறைய 203 நியூட்டன் மீட்டர்.

இறுக்கும் அளவைக் காட்டும் அரை அங்குல டார்க் ரெஞ்ச் ஒன்று, தேவையான எண்ணை எட்டக்கூடியதாக வேண்டும். சாக்கெட் பெரும்பாலும் 30, 32 அல்லது 36 மில்லிமீட்டர். ஆறு முனை உள்ளதையே வாங்குங்கள், பன்னிரண்டு முனை சாக்கெட் நட்டின் மூலையை மழுக்கிவிடும். 200 நியூட்டன் மீட்டர் என்பது அரை மீட்டர் நீளப் பிடியின் நுனியில் ஏறக்குறைய 40 கிலோ எடை தொங்குவதற்குச் சமம். குட்டையான ஸ்பேனரால் அதை எட்ட முடியாது.

புதிய நட்டு கட்டாயம். கழுத்துப் பகுதி ஷாஃப்டின் பள்ளத்தில் தட்டி மடிக்கப்பட்ட நட்டும், தானே பூட்டிக்கொள்ளும் வகை நட்டும் ஒருமுறை பயன்பாட்டுக்கு மட்டுமே உரியவை. பேரிங்குக்குக் கொடுக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் அதன் விலை பெரிதல்ல.

வேலையைத் தொடங்குதல்

கார் தரையில் நிற்கும்போதே கைபிரேக்கைப் போட்டு, பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுங்கள். நட்டின் மடிந்த கழுத்தை உளியால் நிமிர்த்திய பிறகு அதைத் தளர்த்துங்கள். பழைய பேரிங் எப்படியும் குப்பைக்குத்தான் போகிறது என்பதால் இந்த நேரத்தில் அதற்கு என்ன ஆனாலும் கவலையில்லை. பேரிங்கை மாற்றாமல் ஷாஃப்டை மட்டும் கழற்றுபவர்கள் இப்படிச் செய்யக் கூடாது.

பிறகு ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டின் மேல் நிறுத்துங்கள். தோட்டத்து வீட்டு வாசலின் செம்மண், மழைக்குப் பிறகு ஸ்டாண்டின் கால்களை மெல்ல உள்ளே விழுங்கும். தடித்த பலகை ஒன்றை அடியில் போடாமல் காருக்கு அருகே போக வேண்டாம்.

பேரிங்கை, அது அமரும் கூடான நக்கிளில் அழுத்தும் வேலையைப் பிரஸ் வைத்திருக்கும் பட்டறையிடம் விட்டுவிடலாம். ஒன்றை மட்டும் சொல்லி வையுங்கள்: நக்கிளுக்குள் செலுத்தும்போது வெளிவளையத்தில்தான் அழுத்த வேண்டும், ஹப்பைச் செலுத்தும்போது உள்வளையத்துக்குக் கீழே தாங்கல் கொடுக்க வேண்டும்.

இறுக்குதல்

ஷாஃப்டின் பல்வரியையும் மரையையும் கம்பித் தூரிகையால் துடைத்து, சிவப்பு மண் துகள் ஒன்றுகூட இல்லாமல் செய்யுங்கள். கையேடு சொல்லாவிட்டால் மரையில் எண்ணெய் பூசாதீர்கள்; எண்ணெய் உராய்வைக் குறைப்பதால், ரெஞ்ச் அதே எண்ணைக் காட்டினாலும் உள்ளே இழுவிசை கூடிவிடும்.

புதிய நட்டைக் கையால் தொடங்கி, சாதாரண ஸ்பேனரால் ஓரளவு இறுக்குங்கள். ஹப்பைச் சில சுற்று சுழற்றினால் குண்டுகள் தம் தடத்தில் அமரும். அடுத்து, ஒருவர் உள்ளே அமர்ந்து பிரேக்கை அழுத்திப் பிடிக்க, மற்றவர் டார்க் ரெஞ்சின் பிடியின் நடுவைப் பற்றி, வெட்டி இழுக்காமல் ஒரே சீராக இழுக்க வேண்டும். “டக்” என்றதும் நிறுத்திவிடுங்கள். உறுதிக்காக இன்னொரு இழுப்பு இழுப்பது இங்கே பரவலாக உள்ள கெட்ட பழக்கம். சில கார்களுக்கு இவ்வளவுக்குப் பிறகும் குறிப்பிட்ட பாகை அளவு திருப்பச் சொல்லியிருப்பார்கள்; அங்கே மட்டும் அதைச் செய்யுங்கள்.

இவ்வளவும் சக்கரம் தரையைத் தொடாத நிலையில் முடிய வேண்டும். நட்டு முழுதாக இறுகும் முன் காரின் எடை பேரிங்கின் மேல் இறங்கினாலோ, காரைச் சற்றே தள்ளினாலோ, விலகி நிற்கும் வளையங்களில் குண்டுகள் பதிந்து தழும்பு விழும். பிறகு எவ்வளவு சரியாக இறுக்கினாலும் முனகல் போகாது.

“தம்பி, கன்னுல ரெண்டு அடி அடிச்சா போதும், எதுக்கு இவ்வளவு மெனக்கெடுற?” என்று அனுபவசாலிகள் கேட்பார்கள். கழற்றுவதற்கு, அடித்தடித்துத் திருகும் இம்பாக்ட் கன் அருமையான கருவி. இறுக்கும்போதோ எவ்வளவு விசை சென்றது என்று அது சொல்லாது. அதன் அதிர்வு அடியும் புதிய பேரிங்குக்கு நல்லதல்ல.

கடைசியாக, கழுத்து உள்ள நட்டு என்றால் மழுங்கிய முனையுள்ள உளியால் கழுத்தைப் பள்ளத்துக்குள் தட்டுங்கள். கூரான உளி அதைக் கிழித்துவிடும். கழலாமலிருக்க ஊசி செருகும் நட்டில், ஷாஃப்டின் துளையும் நட்டின் வெட்டும் நேர்படவில்லை என்றால், இன்னும் சற்று இறுக்கித்தான் நேர்ப்படுத்த வேண்டும். ஒருபோதும் தளர்த்தக் கூடாது.

சில பழைய கார்களின் பின்சக்கரத்திலும் டிரெய்லர்களிலும் உள்ள கூம்புருளை பேரிங்குக்கு இந்த முறை அடியோடு பொருந்தாது. அங்கே சக்கரத்தைச் சுழற்றியபடி நட்டை இறுக்கி, உருளைகள் அமர்ந்ததும் தளர்த்தி, மறுபடி விரல் வலுவில் மட்டும் இறுக்க வேண்டும். துளை நேர்படாவிட்டால் அங்கே தளர்த்தியே ஊசியைச் செருக வேண்டும்.