பிள்ளைத்தாச்சி தட்டுல என்ன வைக்கணும்?

உசிலம்பட்டிப் பக்கம் பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டுக்குப் போனா, நான் செக்கப் அட்டையை வாங்கிப் பார்க்கிறதுக்கு முன்னாடி சட்டியத்தான் திறந்து பார்ப்பேன். நர்ஸம்மா வேலையில இருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகல. தட்டுல மலையா சோறு, நடுவுல குழி பறிச்சு ரசம், ஓரத்துல கிள்ளி வச்ச மாதிரி வெஞ்சனம். "ரெண்டு உசிருல்ல, நல்லாச் சாப்பிடட்டும்"னு மாமியார் இன்னொரு கரண்டி போடுவாங்க.

அந்தக் கரண்டியை நிறுத்துங்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்குப்படி மாசமா இருக்கிறவளுக்கு ஒரு நாளைக்குக் கூடுதலா வேண்டியது 350 கலோரிதான். ரெண்டு இட்லி, ஒரு டம்ளர் பால், ஒரு கை சுண்டல், தீர்ந்தது. பரிமாறுற வரிசையை மாத்துங்க. முதல்ல காயும் கீரையும் பாதித் தட்டுக்கு. அப்புறம் தட்டாம்பயறோ மொச்சையோ, இல்லாட்டி முட்டை, மீன். மிச்சம் இருக்கிற இடத்துல சோறு. வாரத்துல ரெண்டு மூணு நாள் சோத்துக்குப் பதிலா குதிரைவாலியோ கேப்பைக் களியோ வைக்கலாம்.

தாயோட ரத்தத்துல இருக்கிற சர்க்கரை நஞ்சுக்கொடி வழியா பிள்ளைக்குப் போயிரும். தாயோட இன்சுலின் போகாது. அதனால சர்க்கரை கூடினா, வயித்துல இருக்கிற பிள்ளையே இன்சுலினை அதிகமாச் சுரந்து, வந்த சர்க்கரையைக் கொழுப்பாச் சேர்த்து வைக்கும். அப்படி "கொழுகொழுன்னு" பிறக்கிற பிள்ளைக்குப் பின்னாடி உடம்பு பெருக்கவும் சர்க்கரை நோய் வரவும் வாய்ப்பு அதிகம். ஆஸ்பத்திரிக்கு முதல் தடவை போறப்பவும், மறுபடி 24-லிருந்து 28 வாரத்துக்குள்ளயும் 75 கிராம் குளுக்கோஸ் கரைச்சுக் கொடுத்து ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுப்பாங்க. 140-ஓ அதுக்கு மேலயோ இருந்தா சர்க்கரைன்னு அர்த்தம். குமட்டுதுன்னு பாதியில எந்திரிச்சு வந்துராதீங்க. அரை மணிக்குள்ள வாந்தி எடுத்துட்டா மறுநாள் திரும்பப் போங்க.

சர்க்கரைக்குப் பயந்து பட்டினி கிடக்கிறதும் ஆகாது. 1944-45 குளிர்காலத்துல நெதர்லாந்துல பஞ்சம் வந்தப்ப வயித்துல இருந்த பிள்ளைகளுக்கு, ஐம்பது வயசுல சர்க்கரையைக் கையாளுற திறன் குறைஞ்சிருந்தது. நம்ம நாட்டுல புனே பக்கத்துக் கிராமங்கள்ல பார்த்தது இன்னொண்ணு: ஃபோலேட் (ஃபோலிக் மாத்திரையில இருக்கிற சத்து) நிறைய இருந்தும் பி12 வைட்டமின் குறைவா இருந்த தாய்மாரோட பிள்ளைகளுக்கு, ஆறு வயசுலயே இன்சுலின் சரியா வேலை செய்யல. ஃபோலிக் மாத்திரையை நிறுத்தச் சொல்லல. அது கட்டாயம். ஆனா பி12 கீரையில கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், ஈரல்லதான். சுத்த சைவம்னா டாக்டர்கிட்ட பி12 பத்திக் கேளுங்க.

இனிக் குடல். நம்மால செரிக்க முடியாத நாரைத்தான் குடல்ல இருக்கிற நுண்ணுயிர்கள் தின்னும். தின்னுட்டு சில அமிலங்களை விடும். 2020-ல ஜப்பான் ஆய்வாளர்கள் சொன்னாங்க: நார் குறைஞ்ச தீவனம் தின்ன தாய் எலியோட குட்டிகளுக்குப் பின்னாடி கொழுப்புத் தீவனம் கொடுத்தா, சீக்கிரம் பருத்துச் சர்க்கரையும் ஏறுச்சாம். எலிக்கு நடந்தது மனுசருக்கு அப்படியே நடக்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா கீரை தின்னச் சொல்ல எனக்கு இது போதும். மதுரை டவுன்ல இருக்கிறவங்க விடிய அண்ணா நகர் உழவர் சந்தைக்குப் போங்க. 1999-ல தமிழ்நாட்டுலயே முதல்ல திறந்த சந்தை அது. ஒரே கீரையைக் கட்டிட்டு அழாம, இன்னைக்கு முருங்கை, நாளைக்குச் சிறுகீரைன்னு மாத்துங்க.

எனக்கு உண்மையான சண்டையெல்லாம் பிரசவத்துக்கு அப்புறம்தான். பச்சை உடம்புன்னு சொல்லி பூண்டுக்குழம்பு, கருவாடு, சோறு, இதை விட்டா வேற கிடையாது. காய் குளுமை, பழம் சளி, தயிர் கூடவே கூடாது. "பிள்ளைக்கு மாந்தம் வந்தா நீங்களா பார்ப்பீங்க?"னு ஒரு மாமியார் என்னைக் கேட்டாங்க. "நான்தானத்தா ஓடி வரணும், அதுக்குத்தான் சொல்றேன்"னேன். பூண்டுக்குழம்பை நான் ஒதுக்கச் சொல்லல; அது கூட அவிச்ச பீர்க்கங்காயும் முருங்கைக்கீரையும் வைங்க, சூடா இருக்கட்டும், உங்க மனசும் ஆறும். அந்த அத்தை கடைசியில பீர்க்கங்காய்க்கு இறங்கி வந்தாங்க, தயிருக்கு வரல.

தாய்ப்பால்ல பிள்ளையால செரிக்க முடியாத ஒரு வகைச் சர்க்கரை இருக்கு. அது பிள்ளை குடல்ல இருக்கிற பைஃபிடோ பாக்டீரியாங்கிற நல்ல நுண்ணுயிருக்கான சாப்பாடு. அதனால சேனை வைக்கிறேன்னு தேனும் சீனித்தண்ணியும் நாக்குல தடவாதீங்க. தேன் ஒரு வயசு வரைக்கும் ஆபத்து. பிறந்த ஒரு மணிக்குள்ள சீம்பால், ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும். சொட்டுத் தண்ணிகூட வேண்டாம். ஆபரேஷன்ல பிறந்த பிள்ளைக்கு முதல்ல ஒட்டுற நுண்ணுயிர்கள் வேற மாதிரி இருக்கும். அதுக்காகக் கலங்க வேண்டாம், பாலைத் தள்ளிப் போடாம இருந்தாச் சரி.

ஆறு மாசம் முடிஞ்சதும் பருப்புச்சோறு, கேப்பைக் கூழ், அவிச்ச பூசணின்னு ஒவ்வொண்ணாப் பழக்குங்க. கீரையை வேகவச்சு வடிச்ச தண்ணியை மட்டும் பிள்ளைக்குக் கொடுத்துட்டு, சக்கையைக் கோழிக்குப் போடுற வீடு நிறைய இருக்கு. கோழிக்கு வேற ஏதாவது போடுங்க, கீரையை மசிச்சு பிள்ளைக்கு ஊட்டுங்க.