எக்ஸ் வந்தாலும் கண்மறையாத எக்ஸார்: டெஸ்ட் அவுட்புட்டைச் சுருக்கிப் பார்ப்போம்

சோதிக்கும் சிப்புக்குள் பத்து ஸ்கேன் செயின், அதாவது சோதனை முடிவை ஒவ்வொரு பிட்டாக வெளியே தள்ளும் ஃபிளிப்-ஃபிளாப் (ஒரு பிட் நினைவகம்) வரிசைகள். வெளியே போக ஐந்தே பின். அதனால் செயின்களின் பிட்டுகளை எக்ஸார் கேட்டுகளில் (உள்ளே வரும் 1-களின் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் 1, இல்லையேல் 0 தருபவை; குறி ⊕) சேர்த்துச் சுருக்கி அனுப்புகிறோம். எல்லாம் 0 அல்லது 1 ஆக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. நடுவில் ஒரு எக்ஸ் புகுந்தால்தான் வம்பு. ஒரு தாளும் பென்சிலும் போதும், போட்டுப் பார்த்துவிடலாம்.

படி 1: எக்ஸின் குணம்

எக்ஸ் என்பது 0-வா 1-ஆ என்று முன்கூட்டியே சொல்ல முடியாத மதிப்பு. தொடக்க மதிப்பு தராத மெமரி, ஸ்கேனில் சேராத ஃபிளிப்-ஃபிளாப், மிதக்கும் டிரை-ஸ்டேட் பஸ் போன்றவற்றிலிருந்து வரும். ஆண்ட் கேட்டில் மறுபக்கம் 0 இருந்தால் எக்ஸ் அங்கேயே நின்றுவிடும். எக்ஸாரில் அந்தத் தடுப்பு கிடையாது: 0 ⊕ எக்ஸ், 1 ⊕ எக்ஸ் இரண்டுமே எக்ஸ்தான்.

படி 2: ஒயரிங்

அவுட்புட்டுகளுக்கு 1 முதல் 5 வரை எண் கொடுங்கள். ஒவ்வொரு செயினையும் மூன்று அவுட்புட்டுகளில் இணைக்க வேண்டும். ஒரு செயினின் மூன்று இன்னொன்றுக்கு வரக்கூடாது. ஐந்திலிருந்து மூன்றைப் பத்து விதமாகத்தான் எடுக்க முடியும், நம்மிடம் செயினும் பத்து:

123, 124, 125, 134, 135, 145, 234, 235, 245, 345

எக்ஸ்-காம்பாக்ட் என்று சுபாசிஷ் மித்ராவும் கீ சுப் கிம்மும் 2002-இல் முன்வைத்த முறையின் உயிர்நாடி இதுதான்.

படி 3: சோதித்துப் பாருங்கள்

123 செயினில் எக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அவுட்புட் 1, 2, 3 போயின. 4-உம் 5-உம் தப்பின. இப்போது 124 செயினில் ஒரு பிட் தவறு. அது 4-இல் தெரியும். 145-இல் தவறென்றால் 4, 5 இரண்டிலும் தெரியும். எந்தச் செயினை எடுத்தாலும் இப்படியே. காரணம் எளிது: எல்லாரிடமும் மூன்று மூன்று, எந்த இரண்டும் ஒன்றல்ல. ஆகவே ஒன்று மற்றொன்றை முழுசாக மூட முடியாது.

எக்ஸே இல்லாத கிளாக்கில் (பிட்டுகள் ஒரு படி நகரும் நேரத் துடிப்பில்) இன்னொரு லாபமும் உண்டு. மூன்று ஒற்றைப்படை எண் என்பதால், ஒரே நேரத்தில் ஒற்றைப்படை எண்ணிக்கையில் எத்தனை செயின்கள் தவறினாலும் ஒன்றையொன்று முழுதாக அடித்துக்கொள்ளாது. செயினுக்கு இரண்டு அவுட்புட் மட்டும் கொடுத்தால் இந்த உத்தரவாதம் போய்விடும்: 12, 23, 13 மூன்றும் சேர்ந்து தவறினால் வெளியே ஒன்றுமே தெரியாது. முதல்முறை நான் இரண்டே போதும் என்று வரைந்து, இங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

படி 4: எங்கே உடையும்?

123, 145 இரண்டிலும் ஒரே கிளாக்கில் எக்ஸ் வரட்டும். ஐந்து அவுட்புட்டும் போச்சு. இன்னொன்று: 123-இல் எக்ஸ், 124-லும் 134-லும் தவறு. இரு தவறுகளும் 4-இல் சந்தித்து ரத்தாகிவிடும். எக்ஸ் அதிகம் வரும் செயினை முன்பே மாஸ்க் செய்து 0 ஆக்கலாம். ஆனால் மாஸ்க் கட்டளைக்கும் டேட்டா செலவாகும், அந்தச் செயினின் நல்ல பிட்டுகளும் கூடவே போகும். என் கணக்கில் மாஸ்க் கடைசி ஆயுதம்.

படி 5: எக்ஸை எக்ஸாலேயே வெட்டுவது

பல கிளாக்கில் வரும் பிட்டுகளை ஒரே சிறு சிக்னேச்சராகச் சுருக்கும் மிசர் என்னும் ரெஜிஸ்டருக்குள் எக்ஸ் போனால் பின்னூட்டம் வழியாகப் பரவிவிடும். ஆனாலும் அதிலிருந்து மீள வழியுண்டு. மூன்று பிட்டில் இரண்டு எக்ஸ் (ப, ம) கலந்திருப்பதாக எழுதுங்கள்; அ, ஆ, இ எக்ஸ் கலக்காத பகுதிகள்:

முதல் பிட் = அ ⊕ ப
இரண்டாவது = ஆ ⊕ ப ⊕ ம
மூன்றாவது = இ ⊕ ம

மூன்றையும் எக்ஸார் செய்தால் ப, ம இரண்டும் ஜோடி ஜோடியாக விழுந்து, அ ⊕ ஆ ⊕ இ மட்டும் மிஞ்சும். எக்ஸே இல்லாத ஒரு பிட்! பெரிய ரெஜிஸ்டரிலும் இதே வேலைதான். பள்ளியில் சமன்பாடுகளை நீக்கித் தீர்த்தோமே, அதே முறை. 32 பிட் மிசரில் 25 எக்ஸ் புகுந்தாலும் குறைந்தது 7 சுத்தமான சேர்க்கைகள் மிஞ்சும். அந்த ஏழையும் சரிபார்த்தால், ஒரு தவறு தப்பிப்போகும் வாய்ப்பு ஏறக்குறைய 128-இல் 1. அதற்கு மேல் எக்ஸ் வருமென்றால், அதற்குள் சிக்னேச்சரை எடுத்துவிட்டு மிசரை ரீசெட் செய்துவிடுங்கள்.