சோங் காலச் சீன ஏடுகளை வைத்து எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இடைக்காலச் சீனாவுக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் இருந்த தொடர்பைப் பற்றி இப்போது நிறையப் பேர் எழுதுகிறார்கள். ஆய்வேட்டு வரைவு, கண்காட்சிக்கான குறிப்பு, பத்திரிகைக் கட்டுரை என்று படித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் வருவதும் கூடிக்கொண்டே போகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் இந்தத் துறைக்குள் வந்த நாங்கள் எல்லாரும் ஆரம்பத்தில் எங்கே இடறினோமோ, அங்கேயேதான் இவர்களும் இடறுகிறார்கள். பாஹியானையும் யுவான் சுவாங்கையும் மாற்றி எழுதுவது, போதிதர்மரைக் குங்ஃபூ ஆசிரியர் ஆக்குவது போன்றவற்றை யாராவது உடனே திருத்திவிடுவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். வெளியே தெரியாமல் உள்ளே உட்கார்ந்து கட்டுரை முழுவதையும் கெடுக்கிற தவறுகளைத்தான் சொல்லப்போகிறேன்.

11-ஆம் நூற்றாண்டில் ஒரே சீனா இருந்ததாக எழுதுவது

இல்லை. தெற்கே சோங் அரசு, வடக்கே கித்தான் இனத்தாரின் லியாவ் அரசு, வடமேற்கே தாங்குத்து இனத்தாரின் மேற்குச் சியா அரசு. எந்த அரசைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

திறைப் பதிவை அப்படியே நம்புவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப வருவது இது. இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவதும் இதுதான்.

ஓர் ஆய்வு மாணவர் தம்முடைய இயல் ஒன்றை அனுப்பியிருந்தார். உழைப்பாளி, மொழிபெயர்ப்புகளை வரி வரியாகப் படித்தவர். 1015-இல் சோழத் தூதுக்குழு சோங் அரசவைக்குப் போனதைப் பற்றிய இயல் அது. அந்தத் தூதர்கள் கொடுத்ததாகச் 'சோங் வரலாறு' நூலில் ஒரு கடிதம் இருக்கிறது. அதில் மன்னர் தம்மைக் காடியில் மொய்க்கும் கொசுவைப் போல அற்பமானவன், வைக்கோல் நாயைப் போலத் தாழ்ந்தவன் என்று சொல்லிக்கொள்கிறார். மன்னர் பெயர் சீன ஒலிப்பில் லுவோச்சா லுவோஜா, அதாவது ராஜராஜன். 'ராஜராஜனே தன்னைச் சீனப் பேரரசருக்குக் கீழ்ப்பட்டவனாக ஏற்றுக்கொண்டான்' என்று அந்த இயலை முடித்திருந்தார் அவர். அடுத்த இரண்டு இயல்களையும் அந்த முடிவின் மேலேயே கட்டியிருந்தார். மூன்றையும் பிரித்து எழுத வேண்டியதாயிற்று. உதவித்தொகைக் காலம் அதிலேயே முடிந்துபோனது.

அந்தக் கடிதத்தை நிதானமாகப் படித்தாலே சந்தேகம் வந்திருக்க வேண்டும். காடிக் கொசு சுவாங் சு என்ற பழைய சீனச் சிந்தனையாளரின் நூலில் வருவது. வைக்கோல் நாய் லாவோ சு நூலில் வருவது. சடங்குக்குச் செய்து, சடங்கு முடிந்ததும் தூக்கி எறிகிற பொம்மை. இந்த இரண்டு உவமைகளும் தஞ்சாவூர் ஓலை எழுத்தருக்கு எப்படிக் கிடைத்திருக்கும்? அதோடு விட்டதா? பேரரசர் 'தாய்' என்ற சீனப் புனித மலையில் வேள்வி செய்ததையும், ஃபென்யின் என்ற ஊரில் நிலத்தெய்வத்துக்குப் பூசை போட்டதையும் கடிதம் பாராட்டுகிறது. கப்பல் வணிகர்கள் வந்து சொன்னதாக அதற்கு ஒரு காரணமும் காட்டுகிறது. கடிதம் காட்டும் கை, செவ்வியல் சீனத்தில் தேர்ந்த அரசவை எழுத்தரின் கை.

ஏன் அப்படி எழுத வேண்டியிருந்தது என்பதற்குப் பேரரசர் ஜென்சோங்கின் நிலைமையைப் பார்க்க வேண்டும். 1005 ஜனவரியில் சான்யுவான் உடன்படிக்கை. அதன்படி ஆண்டுதோறும் 2,00,000 சுருள் பட்டும் 1,00,000 லியாங் (சீன எடை அளவு) வெள்ளியும் சோங் அரசு லியாவுக்குக் கொடுத்தாக வேண்டும். வானத்துக்குக் கீழே எல்லாரும் தனக்கு அடங்கியவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் அரசு, பக்கத்து அரசுக்குப் பணம் கட்டுகிறது. அந்த அவமானத்தைத் துடைக்கத்தான் 1008-இல் தாய் மலை வேள்வி, 1011-இல் ஃபென்யின் பூசை. அதன் பிறகு, எங்கோ தென்கடலுக்கு அப்பாலிருந்து 1,150 நாள் பயணம் செய்து ஒரு தூதுக்குழு வந்து இறங்குகிறது; தட்டில் முத்தையும் நீலப் பளிங்கையும் ஏந்திவந்து அரியணைக்கு முன்னால் பரப்புகிறது. முத்து மட்டும் 21,100 லியாங் என்று பட்டியல் சொல்கிறது. ஜென்சோங்குக்கு இதைவிட வேண்டியது வேறென்ன? அந்தப் பதிவு முதலில் சோங் தலைநகரான காய்ஃபெங்கின் அரசவையைப் பற்றிய சான்று. சோழ நாட்டைப் பற்றிய சான்று அதற்குப் பிறகுதான். தூதர்கள் காய்ஃபெங் சேர்ந்தபோது ராஜராஜன் உயிரோடும் இல்லை.

வந்தவர்கள் பக்கத்தையும் பாருங்கள். 1015-இன் துணைத் தூதர் பெயர் பூ என்று தொடங்குகிறது. 1033-இல் முத்தைக் கொண்டுபோய்ப் பேரரசரின் இருக்கைக்குக் கீழே மண்டியிட்டுத் தூவிய தூதரின் பெயரும் அப்படியே. சீன ஏடுகளில் இந்தப் 'பூ' பெரும்பாலும் அரபு, முஸ்லிம் வணிகர்களின் பெயருக்கு முன்னால் வருவது. சாதாரண வணிகராகக் குவாங்சௌ துறைமுகத்தில் இறங்கினால் சரக்கில் ஒரு பங்கைச் சுங்கமாக எடுப்பார்கள். இன்னொரு பங்கை அரசு தன் விலைக்கே வாங்கிக்கொள்ளும். தூதராக வந்தால் மரியாதை, பட்டம், பதில் பரிசு. தலை வணங்குவதால் அவர்களுக்கு நட்டம் எதுவும் இல்லை.

இதே தவறு தலைகீழாகவும் நடக்கிறது. 1077-இல் வந்த சோழத் தூதுக்குழுவிடம் பதில் பரிசாக 81,800 சரம் செப்புக்காசும் 52,000 லியாங் வெள்ளியும் கொடுத்தனுப்பினார்கள். பேருக்கு ஒரு சரத்தில் ஆயிரம் காசு. இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு 'சீனப் பேரரசே சோழனுக்குக் கப்பம் கட்டியது' என்று மேடையில் ஒருவர் முழங்கியதைக் கேட்டேன், கைதட்டலும் கேட்டது. இரண்டு பேருமே ஒரே குழியில்தான் விழுகிறார்கள்: கொடுக்கல் வாங்கலை அடிமைத்தனமாகப் படிக்கிறார்கள்.

இன்னும் சந்தேகம் இருந்தால் 1106-ஆம் ஆண்டுப் பதிவைப் படியுங்கள். பர்மாவின் பகான் நாட்டுத் தூதர்கள் வந்திருக்கிறார்கள். அவர்களையும் சோழரைப் போல நடத்தலாம் என்று பேரரசர் ஆணையிடுகிறார். சடங்குத் துறை அதிகாரிகள் மறுக்கிறார்கள், அவர்கள் சொல்லும் காரணம் இது: சோழம் சுமத்ராவின் ஸ்ரீவிஜயத்துக்கு அடங்கிய நாடு, அதனால்தான் முன்பு அவர்களுக்குத் தடித்த காகிதத்தில் ஆணை எழுதிப் பெட்டியில் வைத்துக் கொடுத்தோம். பகான் பெரிய நாடு, அதற்குப் பொற்பூப் போட்ட தாள் வேண்டும் என்கிறார்கள். ராஜேந்திரன் ஸ்ரீவிஜயத்தின் மேல் கடற்படை அனுப்பி அப்போது எண்பது ஆண்டு ஆகியிருந்தது! சோழத் தூதர்கள் சீனா போகும் வழி ஸ்ரீவிஜயத்தின் வழியாக. அரசவைக்குத் தென்கடல் செய்திகளைச் சொன்னவர்களிலும் ஸ்ரீவிஜயத்தாருக்கு முக்கிய இடம். அங்கே யார் முந்திப் பேசினார்களோ, அவர்கள் சொன்னது ஏட்டில் ஏறிவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆகவே இப்படி ஒரு வரி கையில் கிடைத்தால், இதை யார் எழுதினார், யார் சொல்லி எழுதினார், அந்த ஆண்டில் அரசவைக்கு என்ன தேவை இருந்தது என்று முதலில் கேளுங்கள். 'சோங் வரலாறு' 1345-இல், மங்கோலியரின் யுவான் ஆட்சியில் தொகுத்து முடித்த நூல் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பார்த்தவரையும் கேட்டவரையும் ஒரே தட்டில் வைப்பது

1225-இல் அயல்நாடுகளைப் பற்றி நூல் தொகுத்த சாவ் ருகுவா, குவான்சௌ துறைமுகத்தில் (மேலே சொன்ன குவாங்சௌ வேறு) கடல் வணிகத்துறை அதிகாரி. வந்த வணிகர்களிடம் கேட்டும், 1178-இல் சௌ சூஃபெய் எழுதியதைப் பார்த்தும் எழுதினார். சரக்குகளைப் பற்றி அவர் சொல்வதை நம்பலாம், அது அவர் தினமும் கையாண்ட பொருள். சோழ நாட்டுக் கோட்டைச் சுவர்களின் உயரத்தையும் பழக்கவழக்கங்களையும் பற்றி அவர் சொல்வதை அதே உறுதியோடு எடுத்துப்போடாதீர்கள். 14-ஆம் நூற்றாண்டின் வாங் தாயுவானும் 15-ஆம் நூற்றாண்டின் மா ஹுவானும் கப்பலேறிப் போனவர்கள். யுவான் சுவாங்கிடமும் இதே பிரிவினை தேவை: காஞ்சிக்கு வந்தார், இலங்கைக்குப் போகவில்லை, அதைப் பற்றி எழுதியது கேள்விப்பட்டதுதான்.

சீனச் சரக்கு என்றால் சீனக் கப்பல்

1998-இல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுக் கப்பலில் ஏறத்தாழ 60,000 பொருள்கள் இருந்தன. பெரும்பகுதி சீனாவின் சாங்ஷா சூளைக் கிண்ணங்கள், ஒன்றில் 826-ஆம் ஆண்டு குறித்திருக்கிறது. கப்பலின் பலகைகளோ ஆணியில்லாமல் கயிற்றால் தைக்கப்பட்டவை, மேற்கு இந்தியப் பெருங்கடல் வேலைப்பாடு.

குவான்சௌ சிவன் கோயிலைச் சோழர் கணக்கில் எழுதுவது

கல்வெட்டிலேயே காலம் இருக்கிறது. சக ஆண்டு 1203, சித்திரை, அதாவது 1281. சோழ ஆட்சி அதற்குள் முடிந்துவிட்டது. சீனாவில் சோங் ஆட்சியும் முடிந்து, குப்லாய் கானின் யுவான் ஆட்சி நடக்கிறது. சம்பந்தப் பெருமாள் என்பவர், செகசை கானின் பர்மானின்படி, அந்தக் கானின் நலனுக்காக இறைவனை எழுந்தருளச் செய்தார் என்று தமிழ் வரிகள் சொல்கின்றன. மங்கோலிய ஆட்சியாளரின் ஆணையோடு சீனத் துறைமுகத்தில் தமிழர் ஒருவர் சிவனை எழுந்தருளச் செய்த செய்தி அதுவாகவே எவ்வளவு பெரியது! அதற்குச் சோழப் பெருமையை ஒட்டவைத்து எழுதுகிறவர்கள், யுவான் காலக் குவான்சௌவில் அரபியர், பாரசீகர், தமிழர் எல்லாரும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்த உலகத்தைக் காணாமல் போகச் செய்கிறார்கள்.

இலங்கையின் காலி நகரக் கல்வெட்டில் ஒரு மொழியை மட்டும் படிப்பது

1409 என்று தேதியிட்ட, சீனக் கடற்படைத் தளபதி ஜெங் ஹேயின் கல்வெட்டில் சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி திருமாலின் வடிவமான தெனாவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி இஸ்லாத்தையும் போற்றுகின்றன. மூன்றையும் படியுங்கள்.

சீன ஆண்டை நேராக ஆங்கில ஆண்டாக்குவது

சான்யுவான் உடன்படிக்கைக்குச் சில நூல்களில் 1004, சிலவற்றில் 1005 என்று இருக்கும். ஜிங்தெ என்ற ஆட்சிப் பெயரின் முதலாம் ஆண்டில் பன்னிரண்டாம் மாதம் அது. ஆண்டு பெரும்பாலும் 1004-இல் விழுகிறது, அந்த மாதம் 1005 ஜனவரியில் விழுகிறது. பதினோராம், பன்னிரண்டாம் மாத நிகழ்ச்சி எதுவானாலும் நாள் மாற்று அட்டவணையைப் பார்க்காமல் ஆண்டைப் போடாதீர்கள்.